முழங்கால் உயரம்

அந்த அம்மாளோடு பேச வேண்டுமென்றால் கூடவே ஓட வேண்டும். நின்று பேசுகிற பழக்கமே அவரிடம் கிடையாது. ராசிபுரத்திலிருந்து எங்கள் பக்கம் வரும் மண்சாலையில் சைக்கிள் மணி கேட்டதும், காட்டில் களை வெட்டுகிறவர்கள் கொத்தைப் போட்டுவிட்டு வரப்பு மேலே ஏறி ஓடி வருவார்கள். சைக்கிள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இவர்கள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே நோவைச் சொல்வார்கள்.

"ஏனுங்கம்மா, ரெண்டு நாளா வயித்தால போவுதுங்க!"

"கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடிங்க. ஓடிக்கிட்டே கத்தாதீங்க, மூச்சு வாங்குது பாருங்க!"

"ஓடாம நின்னு சொன்னா நீங்க போயிருவீங்களேம்மா!"

இதைப் பார்த்து என் மாமியார், "இந்தம்மாகிட்ட வைத்தியம் பாக்கோணும்னா நோவே இல்லாத உடம்பா இருக்கோணும்" என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. கால்வலிக்காரர்கள் பாடுதான் பெரும்பாடு.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்களுக்கு அவர் சைக்கிளம்மா, அவ்வளவுதான். சேலத்துக்காரர், கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பம். பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு, ராசிபுரம் சாலையில் வேதக்கோயிலை ஒட்டியிருந்த தருமாஸ்பத்திரிக்கு வந்தவர். அந்தக் கோயிலில் முன்பு இருந்த வெள்ளைக்காரச் சாமியார் பனைமரம் போல் உயரமானவராம். ஊருக்குப் போகும்போது தம்முடைய சைக்கிளை விட்டுப் போயிருக்கிறார். நடுக்குழாயைக் கொல்லர் அறுத்தெடுத்து, சேலை கட்டியவர் ஓட்டுகிற மாதிரி கீழே வளைத்துப் பொருத்திக் கொடுத்துவிட்டார். ஆனால் சைக்கிளின் உயரத்தை அறுக்க முடியுமா? அம்மாள் என் தோளுக்குத்தான் வருவார். சீட்டில் உட்கார்ந்தால் கால் விரல் நுனிதான் மிதிக்கட்டையைத் தொடும். தரையைத் தொடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே ஏறுவதற்கு முழங்கால் உயரத்தில் ஒரு கல்லோ திட்டோ வேண்டும். அது இல்லாத இடத்தில் இறங்கினால் திரும்ப ஏற முடியாது.

பிரசவம் என்றால் மட்டும் இறங்குவார். மற்றபடி தாசில்தாரே எதிரில் வந்து கும்பிட்டாலும் மணியடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இதனால் அவருக்குத் தலைக்கனம் என்று பேசியவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக்குப் பிரசவம் பார்க்க அவர் வந்தபோது அந்த வாயெல்லாம் அடைத்துப் போய்விட்டது.

எங்கள் சீமை பார்வைக்குத்தான் சமவெளி. அதில் எத்தனை ஏற்றம், எத்தனை இறக்கம் என்பது சைக்கிளம்மாவைக் கேட்டால் தெரியும். எங்கள் தோட்டத்துக்கு வரும் வழியில் நீளமாய் ஓர் இறக்கம் உண்டு. அதன் அடியில் ஓடை. வருஷத்தில் பாதி நாள் அதில் தண்ணீர் இராது, வெறும் மணல்தான். ஓடையைத் தாண்டினால் அக்கரை மேடு. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் வந்து, அந்த வேகத்திலேயே மணலைக் கடந்து, மேட்டில் ஏறிவிடுவார். நடுவில் யாராவது மாட்டைக் குறுக்கே விட்டால் அவருக்கு வரும் கோபம் இருக்கிறதே! ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்துப் பழனியம்மாளுக்குப் பிள்ளைப்பேறு. கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே ஓடியதில் பிரேக்கைப் பிடித்தபடி வந்து இறங்கினார். இறங்கியவர், அங்கே துணைக்குப் போயிருந்த என் கையைப் பிடித்து இழுத்துச் சக்கரத்தின் இரும்பு வளையத்தில் வைத்தார். சுட்டது.

"பாத்தியா சாமி? நான் மிதிச்சு மிதிச்சுச் சேத்த வேகம் பூரா இங்க சூடா உக்காந்திருக்குது. இனி இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? வெந்நீர்கூட வெக்க முடியாது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. ஓட்டம் சூடாகிப் போகும் என்று யார் நினைத்தது?

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லாத காலமும் இருந்தது. என் முதல் பிள்ளை அழவில்லை. ஊர் மருத்துவச்சி தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். தலைகீழாய்ப் பிடித்தாள், முதுகில் தட்டினாள். அது அழவே இல்லை. அதற்கப்புறம் அடுத்த வீட்டில் எந்தக் குழந்தை அழுதாலும் நான் காட்டுப் பக்கம் போய்விடுவேன். சைக்கிளம்மா எங்கள் பக்கம் வர ஆரம்பித்தது அதற்கு மறு வருஷம். இரண்டாவது உண்டானதும் என் மாமியாரே சாலை வரை போய் அவர் பின்னால் ஓடினார். அந்த வயதில் ஓடினார்.

"எம்பட மருமவளுக்கு நீங்கதான் பாக்கோணும். போன தடவை மாதிரி ஆயிரக் கூடாதுங்க."

"சொல்லி அனுப்புங்க. நான் வாரேன். பிள்ளைய அழ வெக்காமப் போக மாட்டேன்."

இதை அவர் திரும்பிப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆனாலும் எனக்கு அது போதுமாயிருந்தது.

வயிற்றுப் பிள்ளைக்காரி ஓடலாமா? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். எங்கள் வீட்டு முன்னால் கடலைக்காய் உலர்த்தும் களம் ஒன்று வட்டமாய்ப் பெரிதாய் இருந்தது. என்னை அதன் நடுவில் நிற்கச் சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருவார். நான் நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பிப் பதில் சொல்ல வேண்டும்.

"காலு வீங்குதா?"

"சாயங்காலமானா கொஞ்சம் வீங்குதுங்க."

"பிள்ளை துள்ளுதா?"

"துள்ளுதுங்க. எனக்குத் தலைதான் சுத்துது."

"அது நான் சுத்தறதால. பித்தமில்ல, பயப்படாத!"

அது உலக யுத்தம் நடந்த சண்டைக் காலம். சைக்கிளுக்கு ட்யூப் எங்கே தேடியும் அகப்படவில்லை. ராசிபுரத்துச் சைக்கிள் கடைக்காரர் ஒரு வேலை செய்தார். தேங்காய்நார்க் கயிற்றை நனைத்து, இறுக்கி, டயருக்குள் காற்றுக்குப் பதிலாகச் சுற்றி அடைத்துவிட்டார். சைக்கிளம்மா தேங்காய் வண்டியில் வருகிறார் என்று ஊரெல்லாம் கேலி. களத்தில் சுற்றும்போது அவருக்கு முகமெல்லாம் வேர்த்துக் கொட்டும். என் மாமியார் மனசு கேட்காமல், "அத்தனை கனமாங்க அந்தக் கயிறு?" என்றார்.

"கயிறு கனமில்லீங்க. அது இருக்கற இடந்தான் கனம். இதே கயித்தைப் பின்னால கேரியர்ல கட்டியிருந்தா சும்மா உக்காந்துட்டு வந்திருக்கும். இப்ப சக்கரத்து ஓரத்துல இருக்குதா? முன்னாலயும் தள்ளிட்டுப் போவோணும், கூடவே சுத்தவும் வெக்கோணும். ஒரு கனத்துக்கு ரெண்டு வேலை. கிளம்பறதுக்குள்ள உசிரை வாங்கிருது." ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து மிச்சத்தைச் சொன்னார். "ஆனா கிளம்பிட்டா லேசுல நிக்காதுங்க. எங்கிட்ட வாங்கினத எல்லாம் உள்ள வெச்சிருக்குது, திருப்பிக் குடுத்துரும்."

"உங்களுக்கேத்த வண்டிதான்" என்றார் என் மாமியார்.

இந்த இடத்தில் பெரியமாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமனாருக்கு அண்ணன். ஓடைக்கு ராசிபுரத்துப் பக்கத்துக் கரையில், அந்த இறக்கத்தின் அடியில், அவருடைய தோட்டம். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். தோளில் துண்டு இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. நான் அவர் எதிரில் நின்று பேசியதே இல்லை. அவர் வந்தால் நாங்கள் உள்ளே போய்விடுவோம், அப்போதெல்லாம் அப்படித்தான். கல்யாணமான மறு வருஷமே அவர் சம்சாரம் பிள்ளையைப் பெறாமலே, வயிற்றுச் சுமையோடு போய்விட்டது. அப்படிப் போனவர்களுக்கு எங்கள் பக்கம் சுமைதாங்கிக் கல் வைப்பார்கள். இரண்டு கல்லை நிறுத்தி அதன்மேல் ஒரு கல்லைப் படுக்கப் போட்டு, நெஞ்சு உயரத்துக்கு வைப்பார்கள். வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால், சுமையோடு போனவளுக்கு ஆறும் என்று நம்பிக்கை. பெரியமாமா ஓடைக்கு அக்கரை மேட்டில் அந்தக் கல்லை வைத்தார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் வாசலைக் கடந்து போகிற யாரும் ஒரு வாய் மோர் குடிக்காமல் போக முடியாது. அது அவருடைய பிடிவாதம். அதில் அவரை அசைக்க ஆளில்லை.

எனக்கு விடிகாலையில் வலி கண்டது. என் வீட்டுக்காரர் ராசிபுரத்துக்கு ஓடினார். வெயில் ஏற ஏற வலியும் ஏறியது. ஊர் மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு என் மாமியாரைத் தனியாக அழைத்துப் போனாள். என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் திரும்பி வந்த என் மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். போன தடவை பார்த்த அதே முகம். நான் சாலைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். வலிக்கு நடுவில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த மணி அடிக்க வேண்டும்.

அதே நேரத்தில் ஓடையோரம் நடந்ததை, அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பழனியம்மாள்தான் பிற்பாடு சொன்னாள். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சைக்கிளம்மா இறக்கத்தில் வந்திருக்கிறார். என் வீட்டுக்காரரைச் சைக்கிள் எப்போதோ முந்திவிட்டது, அவர் எங்கேயோ பின்னால் ஓடி வருகிறார். கயிற்றுச் சக்கரம் இரண்டும் விர்ரென்று சுழல, மணலைத் தாண்டி அக்கரை உச்சி வரைக்கும் போய்ச் சேர்கிற வேகம். பெரியமாமாவுக்குச் சேதி முன்பே தெரியும். நம் வீட்டுப் பிள்ளைப்பேற்றுக்கு வேகாத வெயிலில் வருகிற அம்மாள், நம் வாசலைத் தாண்டித் தொண்டை வறண்டு போவதா? நடுச்சாலையில் வந்து நின்றுகொண்டார். ஒரு கையில் மோர்ச் செம்பு. மறு கையை நெஞ்சில் வைத்து மரியாதையாய்க் குனிந்தார்.

"நவுருங்க! நவுருங்க!" என்று கத்தியிருக்கிறார் அம்மாள்.

"வாங்க, வாங்க" என்றிருக்கிறார் பெரியமாமா.

அம்மாள் பிரேக்கை முழுக்க அழுத்தினார். சக்கரம் நின்றுவிட்டது, சைக்கிள் நிற்கவில்லை. உருள வேண்டியது சரளையில் சறுக்கிக்கொண்டே போய், பெரியமாமாவின் காலடியில்தான் விழுந்தது. செம்பு எகிறி மோர் இருவர் தலையிலும் கொட்டியது. அம்மாள் எழுந்து ஓர் அடி வைத்தார், கணுக்கால் பிசகியிருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தப்புப் பண்ணிப்போட்டனுங்களே! ஒரு வாய் மோருக்காவ..." என்று பெரியமாமா பதறினார்.

"மோரு பேச்ச அப்புறம் பேசலாமுங்க. அங்க புள்ளத்தாச்சி கெடக்கறா. வண்டியத் தூக்குங்க!"

பெரியமாமாவை யாரும் அதுவரை அப்படி அதட்டியதில்லை. அவரோ சைக்கிளை ஒரு தோளில் போட்டுக்கொண்டார். மறு பக்கம் அம்மாளைத் தாங்கிப் பிடித்து மணலைக் கடந்து அக்கரை மேட்டில் ஏற்றினார். மாட்டுவண்டி பூட்டி வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். மாடு மேய்ச்சலில் இருந்தது. நேரமில்லை என்று அம்மாள் சொல்லிவிட்டார். நடக்கத்தான் முடியாது, ஒரு காலால் மிதிக்க முடியும். ஆனால் ஏற வேண்டுமே, வேற்று ஆண்பிள்ளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி வைப்பது அந்தக் காலத்தில் ஆகாது. அந்த மேட்டில் இருந்தது ஒரே ஒரு கல்தான்.

"இந்தக் கல்லு மேல ஏறிக்குங்க" என்று பெரியமாமா சுமைதாங்கியைக் காட்டினார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டதாம்.

"இது தலைச்சுமைக்கு வெச்சதுங்க. நெஞ்சு உசரம். எனக்கு முழங்கால் உசரம் வேணுமே" என்றார் அம்மாள். சுற்றும் முற்றும் பார்த்தார். அப்போதுதான் அவருக்குக் கண் கலங்கியதாம்.

பெரியமாமா அந்தக் கல்லை ஒரு தடவை பார்த்தார். தோள் துண்டை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார். பிறகு அதன் பக்கத்தில், மண்ணில், இரண்டு கையையும் இரண்டு முழங்காலையும் ஊன்றிக் குனிந்து நின்றார்.

"ஏறுங்க."

அம்மாள் செருப்பைக் கழற்றப் போனார்.

"செருப்போட ஏறுங்கம்மா. ஏற்கெனவே ஒருத்தியக் குடுத்துட்டேன்."

ஏறினார். பழனியம்மாள் ஆட்டை விட்டுவிட்டு வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். பெரியமாமா எழுந்து, முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல், சீட்டுக்குப் பின்னால் கை கொடுத்துத் தள்ளினார். இதை அவரே ஒரு தடவை என் மாமனாரிடம் சொன்னதை நான் சுவருக்கு இப்பால் இருந்து கேட்டிருக்கிறேன். "மொதல்ல கல்லைத் தள்ளற மாதிரி இருந்துச்சுடா. நவுரவே இல்ல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாச் சுத்த ஆரம்பிச்சுது. எம்பட மூச்சு பூரா அந்தச் சக்கரத்துக்குள்ள போற மாதிரி. ஒரு கட்டத்துல அதுவே என்ன இழுத்துக்கிட்டு ஓடுச்சு. கைய உட்டுட்டேன். அது பாட்டுக்குப் போச்சு."

மணி அடித்தது. நான் கேட்டேன். எங்கள் வாசலில் ஏது கல்? பிரேக்கும் அந்த விழுகையில் அற்றுவிட்டிருந்தது. நேராகக் கடலைக்கொடிப் போரில் கொண்டுபோய் முட்டிச் சைக்கிளை நிறுத்திவிட்டு, தலையெல்லாம் கடலைக்கொடியும் மோருமாய், நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காத. முக்கு" என்றார்.

தொப்புள்கொடி, குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருந்தது. அதை அவர் எப்படி எடுத்தார், எவ்வளவு நேரமாயிற்று என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வெளியே வந்தும் சத்தமில்லை. என் மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அம்மாள் குழந்தையின் வாயில் தம் வாயை வைத்து ஊதினார். துடைத்தார், மறுபடியும் ஊதினார். "அழு சாமி, அழு. உனக்கோசரம் எத்தன பேரு ஓடியிருக்கோம், அழு" என்று கெஞ்சினார். அதட்டியே பழகிய அந்த அம்மாள் கெஞ்சி அன்றுதான் கேட்டேன்.

அழுதாள். என் மகள் அழுதாள். எந்த அழுகையைக் கேட்டு நான் காட்டுப் பக்கம் போனேனோ அதே அழுகை. வாசலில் ஓடி வந்து நின்றிருந்த பெரியமாமா, அதைக் கேட்டுக் களத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

கால் சரியாகும் வரை அம்மாள் எங்கள் வீட்டிலேயே தங்கினார். கிளம்புகிற அன்று பெரியமாமா வந்தார். சைக்கிள் பக்கத்தில் போய்க் குனியப் பார்த்தார். அம்மாள் அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"வேண்டாமுங்க. போனவங்களுக்கு ஒரு கல்லு வெச்சிருக்கீங்க. இருக்கறவங்களுக்கு ஒண்ணு வெயுங்க. அது போதும்."

அந்த வாரமே கல்தச்சர் வந்தார். எவ்வளவு உயரம் என்று கேட்டார். பெரியமாமா சுமைதாங்கியின் பக்கத்தில் அன்று போலவே கையும் முழங்காலும் ஊன்றி நின்றார். தச்சர் அவர் முதுகுக்குக் கோல் வைத்து அளவெடுத்துக்கொண்டார். ஊரில் அதைப் பற்றி எவ்வளவோ பேசினார்கள். குனிந்தவர் அவர், கூசியவர்கள் இவர்கள். போங்கள், பேசாமல்.

சண்டை முடிந்து, ட்யூபெல்லாம் கிடைக்க ஆரம்பித்த பிறகு, அம்மாளை ஆத்தூர்ப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். சொல்லிக்கொண்டு போக வந்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பழையபடி கூடவே ஓடினேன். பெரியமாமா வைத்த முழங்கால் உயரக் கல்லருகே வந்ததும் பிரேக் பிடித்து, காலை அதில் ஊன்றி, இறங்கிவிட்டார். பிரசவமில்லாமல் அவர் இறங்கி நான் பார்த்தது அன்று மட்டுந்தான். என் தோளுக்குக் கீழே நின்றுகொண்டு, குழந்தையை வாங்கி, உச்சந்தலையை முகர்ந்தார். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. நின்று பேசிப் பழக்கமில்லையே! பிறகு குழந்தையைக் கீழே நிறுத்திவிட்டு, கல்லில் ஏறிச் சீட்டில் உட்கார்ந்து, "தள்ளு சாமி" என்றார். தள்ளினேன். என் பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினேன். கையை விட்டுப் போன பிறகும் நெடுந்தூரம் மிதிக்காமலே போனார்.

என் மகள் பெரிய அப்பாரு என்று கூப்பிட்ட பெரியமாமா போய்ச் சேர்ந்தும் சில வருஷமாயிற்று. என் மகளுக்குப் பத்து வயதிருக்கும், அப்பாவின் சைக்கிளை ஓட்டியே தீருவேன் என்று அழிச்சாட்டியம் செய்தாள். பொட்டப்பிள்ளைக்கு எதற்கு என்றவர்களுக்கு நான் பதில் சொன்னேன், அது இங்கே வேண்டாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் ஓடைக் கரைக்குப் போனோம். பார்த்தால் அந்தக் கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பூவும் போட்டிருக்கிறார்கள். என் மகள் தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, சாமிக் கல்லும்மா. மிதிக்கலாமா?"

நான் முந்தானையால் மஞ்சளைத் துடைத்தேன். பூவை எடுத்துச் சுமைதாங்கி மேல் வைத்தேன்.

"மிதி கண்ணு. உங்க பெரிய அப்பாரு முதுகு அது. அவரு குனிஞ்சதே மிதிக்கறதுக்குத்தான்."